மூவாயிரத்தில் ஒரு பெட்டி: வாசகர் கேள்வி பதில்

திரையிசைத் தொகுப்புகளை இணையத்தில் வாங்குவது குறித்து இம்முறை செட்டிநாட்டுப் பகுதியிலிருந்து மட்டும் ஐந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன், சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் இசைத்தட்டு வணிகம் நடத்திய பிறகே படம் எடுக்க வந்தார் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஊர்ப்பக்கத்தில் இசைத்தட்டைப் பற்றி இவ்வளவு அக்கறை இருப்பதில் வியப்பில்லை. பிற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இந்த ஐந்துக்கும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் அப்பச்சிக்கு வருகிற தை மாதம் எழுபது வயதுக்கான பீமரத சாந்தி. இளவயதில் பினாங்கில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தபோது பார்த்த ‘சூப்பர்மேன்’ படத்தின் முகப்பிசையை இன்றைக்கும் முணுமுணுப்பார்கள். 2008இல் மூவாயிரம் பெட்டிகள் மட்டுமே வெளியிடப்பட்ட எட்டுக் குறுந்தட்டுத் தொகுப்பு, வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் உறை பிரிக்காமல் இருப்பதாக இணையத்தில் கண்டேன். நாற்பதாயிரம் ரூபாய் கேட்கிறார். இரண்டு நாளில் வேறொருவருக்குப் போய்விடும் என்றும் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: முதலில் அந்த இரண்டு நாள் கெடுவை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். 2008இல் வந்து பல ஆண்டுகளாகக் கைமாறிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டி, நீங்கள் பார்த்த வாரத்தில்தான் உலகிலிருந்து மறையப்போகிறது என்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்கப் போனவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கமானதுதான். அங்கேயாவது பொருளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம்.

மூவாயிரம் என்ற எண்ணிக்கை ஏன் வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் விலையைப் பற்றிய முடிவு எளிதாகும். ஹாலிவுட் படங்களின் பின்னணி இசைக்கு உரிமை பெரும்பாலும் படநிறுவனத்திடம் இருக்கும். அந்த ஒலிப்பதிவைத் தட்டாக வெளியிட வேண்டுமென்றால், உரிமைத் தொகையோடு, வாசித்த கலைஞர்களுக்கு அவர்களுடைய சங்கத்தின் வழியாக மறுபயன்பாட்டுக் கட்டணமும் தர வேண்டும். பழைய அமெரிக்கத் திரையிசைத் தொகுப்புகள் பல அரைமணி நேரத்தோடு நின்றுவிட்டதற்கும், சில படங்களுக்குத் தொகுப்பே வராமல் போனதற்கும் இந்தக் கட்டணம் முக்கியமான காரணம். பின்னாளில் ‘பிலிம் ஸ்கோர் மன்த்லி’, ‘வரேஸ் சரபாண்ட்’, ‘இன்ட்ராடா’, ‘லா-லா லேண்ட்’ போன்ற சிறு வெளியீட்டு நிறுவனங்கள், ஆயிரம், மூவாயிரம், ஐயாயிரம் என்று எண்ணிக்கையை வரையறுத்துக்கொண்டு, முழு இசையையும் வெளியிடும் வழியைக் கண்டன. ஆகையால் அந்த வகைத் தொகுப்பில் காணும் எண்ணிக்கை வெறும் விளம்பர அலங்காரம் அன்று; உரிமமும் கட்டணமும் விதித்த எல்லை. நம் ஊர் விளம்பரங்களில் எண்ணிக்கையைக் குறிப்பிடாமலே ‘லிமிடெட் எடிஷன்’ என்று மட்டும் அச்சிடுகிறார்களே, அதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். எத்தனை பிரதி, யார் வெளியிட்டது என்ற இரண்டையும் சொல்லாத ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’க்கு நான் ஒரு ரூபாய்கூட அதிகம் தரமாட்டேன்.

ஆனால், வரையறை அந்தப் பெட்டிக்குத்தான்; உள்ளே இருக்கும் இசைக்கு அன்று. தாங்கள் குறிப்பிடும் 2008ஆம் ஆண்டுப் பெட்டியில் நான்கு சூப்பர்மேன் படங்களின் இசையும், 1988இல் வந்த தொலைக்காட்சித் தொடரின் இசையும் சேர்ந்திருக்கின்றன. ஜான் வில்லியம்ஸ் இசையமைத்த 1978ஆம் ஆண்டு முதற்படத்தின் இசை மட்டும் புதிதாக ஒலிச்சீரமைப்பு செய்யப்பட்டு, 2019இல் மூன்று குறுந்தட்டுகளாகத் தனியே வந்துவிட்டது. இப்படி நடப்பது புதிதன்று. ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்கள் மூன்றின் முழு இசையும் 2005 முதல் 2007 வரை ஆண்டுக்கொரு பெட்டியாக வந்து, பிறகு கடைகளில் கிடைக்காமல் போய், பழைய பெட்டிகளுக்கு ஏறுவிலை சொல்லப்பட்டுக்கொண்டிருந்த நிலையில், 2018இல் அவை மறுபடி வெளியிடப்பட்டன. அதற்கு முந்தைய மாதம் ஏறுவிலை கொடுத்து வாங்கியவர்களின் மனநிலையை எண்ணிப் பாருங்கள்.

தங்கள் அப்பச்சி முணுமுணுப்பது முதற்படத்தின் முகப்பிசை. அவர்களுக்கு நான்காம் படத்தின் இசையும் தொலைக்காட்சித் தொடரின் இசையும் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுபது வயதில் எட்டுத் தட்டுகளில் தமக்கு வேண்டியது எதில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பதைவிட, மூன்று தட்டுப் பதிப்பை எடுத்த எடுப்பில் கேட்டு மகிழ்வார்கள். எல்லாப் பதிப்பையும் அலமாரியில் வரிசையாக வைத்திருக்கும் சேகரிப்பாளருக்கு எட்டுத் தட்டுப் பெட்டி வேண்டும்தான். அது வேறு வகைப் பசி. எதை வாங்கினாலும், வீட்டில் குறுந்தட்டு வாசிக்கும் கருவி வேலை செய்கிறதா என்பதைச் சாந்திக்கு முன்பே பார்த்துவிடுங்கள். இப்போது வரும் மடிக்கணினிகள் பலவற்றில் தட்டுப் போடும் இடமே கிடையாது.

இவ்வளவுக்கும் பிறகு பெரிய பெட்டிதான் வேண்டுமென்றால், கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு என்பதை நினைவில் வையுங்கள். ‘டிஸ்காக்ஸ்’ என்ற இணையதளத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனிப்பக்கம் உண்டு. அங்கே அந்தப் பதிப்பு இதுவரை கைமாறிய மிகக் குறைந்த விலை, நடுவிலை, மிக உயர்ந்த விலை ஆகிய மூன்றையும் காணலாம். நாற்பதாயிரம் நியாயமா இல்லையா என்பதை அந்தப் பக்கம் சொல்லும். அடுத்ததாக, விற்பவரிடம் படம் கேளுங்கள். இணையத்தில் எடுத்த பொதுப்படம் வேண்டாம். அன்றைய தேதியை எழுதிய காகிதத்தைப் பெட்டியின்மேல் வைத்து, முதுகுப்புறம், நான்கு மூலைகள், மேலுறையின் ஒட்டுப்பகுதி ஆகியவற்றை எடுத்த படங்கள். உண்மையான விற்பனையாளர் இதற்குச் சலித்துக்கொள்ள மாட்டார். உறை பிரித்த பெட்டி என்றால் குறுந்தட்டின் அடிப்பக்கப் படத்தையும் கேளுங்கள். ஆலையில் அச்சிட்ட தட்டு பளிச்சென்று வெள்ளியாக இருக்கும்; நடுத்துளையைச் சுற்றியுள்ள வளையத்தில் பொறிக்கப்பட்ட எண்களும் எழுத்துகளும் தெரியும். கணினியில் பதிவு செய்த நகலுக்குப் பெரும்பாலும் நீலமோ பச்சையோ ஊதாவோ கலந்த சாயல் இருக்கும்.

செலவுக் கணக்கில் பலர் வழுக்கி விழும் இடம் சுங்கம். தீர்வை பொருளின் விலைக்கு மட்டும் கணக்கிடப்படுவதில்லை. அனுப்பும் கூலியும் காப்பீடும் சேர்ந்த தொகைக்குக் கணக்கிடப்படுகிறது. எட்டுத் தட்டும் நூலும் சேர்ந்த பெட்டி எடை மிகுந்தது என்பதால் கூலியே கணிசமாக வரும். ‘அன்பளிப்பு’ என்று மேலே எழுதி அனுப்பச் சொல்லலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அஞ்சலிலும் கூரியரிலும் வரும் அன்பளிப்புகளுக்கு இருந்த தீர்வைச் சலுகை 2019 டிசம்பரில் எடுக்கப்பட்டுவிட்டது. காசு கொடுத்து வாங்கியதை அன்பளிப்பு என்று எழுதுவது அதற்கு முன்பும் பொய்தான். கூரியர் நிறுவனம் தங்கள் அடையாள ஆவணத்தைக் கேட்கும். தாமதமின்றிக் கொடுத்தால்தான் பொதி நகரும். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் தாங்களே செயல்படுத்தியிருக்க வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து புதிய அட்டைகளில் அந்த வசதி மூடியே வருகிறது. நாணய மாற்றுக்கென்று வங்கி சில விழுக்காடு தனியே எடுத்துக்கொள்ளும். இவை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நாற்பதாயிரம் நாற்பதாயிரமாக நிற்காது. தை மாதத்துக்கு வேண்டுமென்றால் ஐப்பசியிலேயே பணம் கட்டியிருக்க வேண்டும்; சுங்கத்தில் பொதி எத்தனை நாள் இருக்கும் என்பதற்கு யாரும் உறுதி தர முடியாது.

கேள்வி: சமூக ஊடகத்தில் வந்த விளம்பரம் ஒன்றில், தமிழ்த் திரையிசை எல்.பி. இசைத்தட்டுகள் பத்து அடங்கிய மரப்பெட்டி, ஐந்நூறு பிரதிகள் மட்டும், எண்பது விழுக்காடு தள்ளுபடியில் 1,999 ரூபாய்க்குக் கிடைப்பதாகப் போட்டிருக்கிறார்கள். யு.பி.ஐ. வழியாக மட்டும் பணம் கட்டச் சொல்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: வேண்டாம். பத்து எல்.பி. தட்டுகளை அச்சிட்டு, உறை போட்டு, மரப்பெட்டியில் வைத்து, தேவகோட்டைக்கு அனுப்பும் செலவே அந்தத் தொகைக்குள் அடங்காது. ஐந்நூறு பிரதிதான் என்றால் தள்ளுபடி எதற்கு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அரிய பொருளை யாரும் கூவி விற்பதில்லை. ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், ஒரு மணிநேரம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்துவிட்டு, வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்கு முன் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு.

கேள்வி: எங்கள் வீட்டில் ஐயா காலத்துக் குழல் கிராமபோன் இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. மகன் இணையத்தில் வரவழைத்த புதிய எல்.பி. பெட்டித் தொகுப்பை, வீட்டுக்கு வந்த விருந்தினருக்காக அதில் போட்டுக் காட்டலாம் என்று ஆசைப்படுகிறேன். மகன் கூடாது என்கிறான்.
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: தங்கள் மகன் சொல்வதே சரி. ஐயாவின் கிராமபோன், அரக்குத் தட்டுக்காகச் செய்யப்பட்டது. அந்தத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுழல்வது. அதன் தடங்கள் அகலமானவை. அரக்கோடு கலந்த தாதுப்பொடியால் மேற்பரப்பு கடினமாக இருக்கும். எஃகு முள் அந்தக் கடினத்தில் உரசித் தேய்ந்து தடத்துக்கேற்ற வடிவம் கொள்ளும் என்பதால்தான், பக்கத்துக்கொரு முள் மாற்றும் வழக்கம் இருந்தது. முள்ளைத் தாங்கியிருக்கும் ஒலிப்பெட்டி தட்டின்மேல் நூறு கிராமுக்கும் மேலான எடையை அழுத்துகிறது. 1948இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் கொண்டுவந்த எல்.பி. வேறு பிறவி. அது வினைல் என்னும் மென்மையான நெகிழியால் ஆனது. 33⅓ சுற்றுக்கு அமைந்தது. தடம் மிகக் குறுகியது. இன்றைய நல்ல கருவியின் முள் அதை இரண்டு கிராம் அளவு எடையோடு தொட்டுச் செல்கிறது. அந்தத் தட்டைக் குழல் கிராமபோனில் வைத்தால் பாட்டு இரட்டிப்புக்கும் மேலான வேகத்தில் கீச்சிடும் என்பது போகட்டும். எஃகு முள் தடத்தை உழுதுகொண்டு போய்விடும். ஒரே ஒரு தடவை போதும், அந்தத் தட்டு திரும்ப உதவாது.

புதிய தொகுப்புக்குக் காந்த முள்தலை பொருத்திய, முள்ளின் எடையைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள கருவி ஒன்றை வாங்குங்கள். சூட்கேஸ் வடிவில் மலிவாக வரும் கருவிகள் பார்க்க அழகாக இருந்தாலும், அவற்றில் பலவற்றின் முள் வேண்டிய அளவைவிட அழுத்தமானது. பெட்டித் தொகுப்புக்குப் பல ஆயிரம் கொடுத்துவிட்டு அதில் போடுவது, பட்டுப்புடைவையைக் கல்லில் அடித்துத் துவைப்பது போன்றது. விருந்தினருக்குக் குழலில் ஐயாவின் 78 தட்டுகளையே போட்டுக் காட்டுங்கள், அவர்களுக்கு அதுதான் புதுமை. அந்த அரக்குத் தட்டுகளை ஸ்பிரிட் கலந்த எதனாலும் துடைத்துவிடாதீர்கள். அரக்கு அதில் கரையும்.

கேள்வி: நம் நாட்டு இணையக் கடை ஒன்றில் எண்ணிட்ட எல்.பி. பெட்டி வாங்கினேன். மூலை நசுங்கி, தட்டுகளில் ஒன்று வளைந்து வந்தது. ‘லிமிடெட் எடிஷன் திரும்பப் பெறப்படாது’ என்று எழுதிவிட்டார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், காரைக்குடி

பதில்: அந்த வாக்கியத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. மனம் மாறித் திருப்பி அனுப்புவதற்குத்தான் அவர்கள் கட்டுப்பாடு விதிக்கலாம். ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவர் 48 மணிநேரத்துக்குள் முறையீட்டைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். படங்களோடு அவருக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேலே போக வேண்டுமானால், 2019ஆம் ஆண்டுச் சட்டம் வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க இடம் தருகிறது; கடை மும்பையில் இருந்தாலும் தாங்கள் சிவகங்கையிலேயே முறையிடலாம். ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால், தொழிலாக அல்லாமல் தம் வீட்டிலிருந்த பெட்டியை எப்போதோ ஒருமுறை விற்கும் தனிமனிதருக்கு அந்த மின்வணிக விதிகள் பொருந்தா. ஆகவே சேகரிப்பாளரிடம் நேரடியாக வாங்கும்போது கூடுதல் விழிப்பு தேவை.

இதை எழுதும் எனக்கும் ஒரு சூடு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஒரு பெட்டியில் ஐந்து தட்டுக்கு நான்குதான் இருந்தது. பிரிக்கும்போது படம் எடுக்கவில்லை என்பதால் ஐந்தாவது வந்தது என்று அவர்களும் வரவில்லை என்று நானும் மாதக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து எந்தப் பொதியையும், முகவரிச் சீட்டு தெரியும்படி கைப்பேசியில் இடைவெட்டின்றிப் படம் பிடித்துக்கொண்டேதான் பிரிக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

வளைவைப் பற்றி ஒரு சொல். முள் தாவாமல் ஓடுகிறதென்றால் இலேசான வளைவு பெரிய குறையன்று. வெயிலில் கிடந்த வண்டியிலிருந்து வந்த பொதியை உடனே பிரித்துப் போட்டுவிடாமல், சில மணிநேரம் வீட்டுக்குள் ஆறவிட்டுப் பாருங்கள். வெந்நீர், இஸ்திரிப் பெட்டி என்று இணையத்தில் காட்டும் வைத்தியங்களைச் செய்துவிட்டால் பிறகு கடைக்காரர் மீது குறை சொல்ல முடியாது.

கேள்வி: எண்ணிட்ட பெட்டித் தொகுப்பு ஒன்றை உறை பிரிக்காமலே வைத்திருக்கிறேன். பிற்காலத்தில் விலை ஏறும் என்கிறார்கள். பிரிப்பதா, அப்படியே வைப்பதா? எங்கள் வீட்டு மச்சில் ஒரு பெட்டகம் இருக்கிறது, அதில் வைக்கலாமா?
– வாசகி, கோட்டையூர்

பதில்: பிரிக்காத பெட்டிக்குக் கூடுதல் விலை கிடைப்பது உண்மைதான். ஆனால் உள்ளே தட்டு விரிசல் விட்டிருக்கிறதா, ஒரே தட்டு இரண்டு முறை வைக்கப்பட்டிருக்கிறதா என்பது பிரித்தால்தான் தெரியும். திருப்பிக் கொடுக்கும் காலம் கடந்த பிறகு அதைத் தெரிந்துகொண்டு பயனில்லை. எல்.பி. தட்டுகள் என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. இறுக்கிச் சுற்றிய நெகிழித்தாள் வெயில் காலத்தில் மேலும் சுருங்கி, நாளடைவில் தட்டையே வளைத்துவிடக்கூடும். நானாக இருந்தால் பிரித்துக் கேட்பேன். தாங்கள் விற்கவே வாங்கியவரென்றால் என் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை.

மச்சுப் பெட்டகம் மட்டும் வேண்டாம். ஓட்டுக்கு அடியில் சித்திரை வெயிலின் சூடு அப்படியே இறங்கும். வினைல் சூட்டில் இளகுவது. பெட்டகத்துக்குள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் அடியில் இருப்பதன் மேல் மற்றவற்றின் எடை முழுவதும் ஏறும். தட்டுகளைப் புத்தகம் போல நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். செட்டிநாட்டு வீட்டில் அதற்கு நல்ல இடம், வளவுக்குள் இருக்கும் கீழ்த்தள அறையின் உட்சுவர்ப் பக்கம். சுண்ணாம்புக் காரைச் சுவர் கோடையிலும் குளிர்ச்சியாக இருக்கும். முற்றத்தை ஒட்டிய சுவர் வேண்டாம், ஐப்பசி மழையின் ஈரத்தில் அட்டை பூசணம் பிடிக்கும். பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை, வாங்கிய பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதி, அந்தச் சீட்டைப் பெட்டிக்குள் வைக்காமல் வீட்டுக் கணக்கு நோட்டோடு தனியே வையுங்கள்.